குமரி வெயிலில் ஆக்ஸலாட்டல்: மீன் காட்சியகம் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்டத்தில் டிக்கெட் போட்டு மீன் காட்சியகம் நடத்துகிற உரிமையாளர்களுக்கும், அங்கே தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிற தம்பிமாருக்கும், இதையெல்லாம் கண்காணிக்க வேண்டிய அதிகாரிகளுக்கும் வணக்கம்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆக்ஸலாட்டல் என்பது பல்லி போன்ற உருவத்தில் தண்ணீருக்குள்ளேயே வாழ்கிற ஒரு மெக்சிகோ உயிரினம். தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் இல்லாத தொட்டியில் அதை வைக்காதீர்கள். சில்லர் வாங்க முடியாது, கரண்ட் பில் கட்டுப்படியாகாது என்றால் அதைக் காட்சியில் இருந்து எடுத்து, ஒழுங்காக வைத்துக்கொள்ளக்கூடியவரிடம் முறைப்படி ஒப்படையுங்கள். இப்போது இருப்பது செத்துப்போனால் அந்த இடத்துக்கு இன்னொன்று வாங்கிப் போடாதீர்கள். இவ்வளவுதான் கோரிக்கை. இதற்கு மேல் எழுதுவதெல்லாம் ஏன் என்பதற்கான விளக்கம், கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் காட்சியகம் என்று பெயர் போடவில்லை. ஒருவர் பெயரைப் போட்டால் மற்றவர்கள் எல்லாம் 'நம்மைச் சொல்லவில்லை' என்று நிம்மதியாகிவிடுவார்கள். நிரந்தரமாக நடக்கிற இடமானாலும் சரி, பள்ளி விடுமுறைக்குத் தகரக் கொட்டகை போட்டு வந்து போகிற பொருட்காட்சியானாலும் சரி, இந்த மடல் எல்லோருக்கும்தான்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் கீழே யாராவது கேட்பார்கள். சாளைக் குழம்பும் நெத்திலி அவியலும் இல்லாமல் சோறு இறங்காத ஊர் இது, நானும் அதில் ஒருவன்தான். வீட்டில் பல வருடமாகத் தொட்டி வைத்து மீன் வளர்க்கிறேன். தொட்டியில் உயிரினம் வைப்பதே பாவம் என்று சொல்ல வரவில்லை. வைத்தால் அது வாழ்கிற மாதிரி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, பார்த்ததைச் சொல்கிறேன். ஏறத்தாழ இரண்டரை அடி நீளமுள்ள தொட்டி. அதில் மூன்று வெள்ளை ஆக்ஸலாட்டல்கள், கூடவே இரண்டு தங்கமீன், வாயால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிற சக்கர் மீன் ஒன்று. அடியில் நீலமும் சிவப்புமாகச் சாயம் ஏற்றிய கூழாங்கல், நடுவில் ஒரு பிளாஸ்டிக் செடி, மேலே ஊதா நிறத்தில் எல்இடி பட்டை. ஒளிந்துகொள்ள ஒரு உடைந்த மண்சட்டிகூட உள்ளே இல்லை. முன்னால் தொங்கிய பலகையில் 'மெக்சிகோ நாட்டு நடக்கும் மீன்' என்று எழுதியிருந்தது. இது மீனே இல்லை, சாலமாண்டர் இனம், தவளைக்குத்தான் சொந்தம். மீன் என்று நினைத்து வாங்கியதால்தான் மீனுக்குச் செய்வதை எல்லாம் இதற்கும் செய்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்றில் ஒன்று கண்ணாடி ஓரமாகத் தலையைத் தாழ்த்தி அசையாமல் நின்றது. வால் நுனி கொக்கிபோல் வளைந்திருந்தது. இந்த உயிரினத்தை வளர்க்கிறவர்கள் முதலில் பார்க்கிற அறிகுறி அந்த வால்தான், நுனி அப்படி வளைந்து நின்றால் அது எதையோ தாங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தலைக்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்றாக வெளியே நீட்டியிருக்கிற செவுள் கிளைகளில் இழைகள் அடர்த்தியாக, சிவப்பாக இருக்க வேண்டும். இதில் பாதிக்கு மேல் இழை உதிர்ந்து வெறும் தண்டு தெரிந்தது. ஒரு தண்டின் நுனியில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. இன்னொன்றுக்கு வலது முன்னங்காலில் பாதமே இல்லை. நான் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே சக்கர் மீன் வந்து மூன்றாவதன் முதுகில் ஒட்டிக்கொண்டது, அது உதறிக்கொண்டு ஓடி எதிர்க் கண்ணாடியில் முட்டியது.

பக்கத்தில் நின்ற அப்பா ஒருவர் மகளிடம், "பாரு மக்களே, சிரிக்குது" என்றார். அதன் வாய் அமைப்பே அப்படி. செத்து மிதக்கும்போதும் அந்தச் சிரிப்பு அப்படியேதான் இருக்கும்.

ஹாலில் ஃபேன் மட்டும் ஓடியது, எல்லோரும் வியர்த்தபடிதான் நின்றோம். தொட்டியில் இருந்து சில்லருக்குப் போகிற குழாய் எதுவும் இல்லை, கண்ணாடியில் ஒரு தெர்மாமீட்டர்கூட ஒட்டவில்லை. அங்கே வேலை பார்த்த தம்பியிடம் வெயில் காலத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "வெள்ளம் சூடாவும்போ ஐஸ் போடுவோம் அண்ணே" என்றான். அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவன் கையில் இருப்பதை வைத்து அவனால் முடிந்ததைச் செய்கிறான். அந்தத் தொட்டியைப் பற்றி அந்த இடத்தில் யோசிக்கிற ஒரே ஆள் அவன்தான் என்றுகூடத் தோன்றியது.

இந்த உயிரினம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மிச்சம் தானாகவே விளங்கும். மெக்சிகோ சிட்டியின் தெற்கு ஓரத்தில் சோச்சிமில்கோ என்று ஒரு ஏரிப் பகுதி இருக்கிறது. அங்கும், பக்கத்தில் இருந்த சால்கோ ஏரியிலும் மட்டும்தான் இயற்கையில் ஆக்ஸலாட்டல் இருந்தது. சால்கோவை வடித்துவிட்டார்கள். சோச்சிமில்கோ இன்று கால்வாய்களும் மிதவைத் தோட்டம் என்று சொல்லப்படுகிற விளைநிலங்களுமாகச் சுருங்கிக் கிடக்கிறது. வெப்ப நாடுதானே மெக்சிகோ, அங்கே வாழ்ந்தது இங்கே வாழாதா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அந்த ஏரி கடல்மட்டத்தில் இருந்து 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. நம் கணக்கில் ஏறத்தாழ ஊட்டியின் உயரம். அங்கே வருடம் முழுவதும் தண்ணீர் குளிர்ந்தே இருக்கும். ஆக்ஸலாட்டலுக்கு 16-ல் இருந்து 18 டிகிரி வரை சுகம், 20 வரை பரவாயில்லை, 24-ஐத் தாண்டினால் உடம்பு தாங்காது. நம் ஊரில் மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் நடுராத்திரிகூட 24-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். பகலில் கேட்கவே வேண்டாம். என் வீட்டுத் தொட்டியில் அந்த மாதங்களில் தண்ணீர் 28, 29 காட்டும். அதில் கப்பியும் கௌராமியும் ஜாலியாகச் சுற்றும், அவை வெப்பமண்டல மீன்கள். ஆக்ஸலாட்டலுக்கு அது காய்ச்சல், அதுவும் இறங்காத காய்ச்சல்.

சூடு என்ன செய்கிறது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'சாப்பிடுதே, நல்லாத்தானே இருக்கு' என்கிற பதில் எப்போதும் வரும். 16 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் கிட்டத்தட்ட 10 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும், 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். அதே நேரம் சூடு ஏற ஏற உடம்பு வேகமாக ஓடுகிறது, ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படுகிறது. வரவு குறைந்து செலவு கூடுகிறது. அதனால்தான் அடிக்கடி மேலே வந்து வாயைத் திறந்து காற்றை விழுங்குகிறது. எப்போதாவது அப்படி வருவது அதன் வழக்கம்தான், அதற்குச் சின்னதாக நுரையீரலும் உண்டு. நிமிடத்துக்கு நிமிடம் வந்தால் அது வழக்கம் இல்லை. பார்க்க வந்தவர்கள் அதற்குத்தான் கை தட்டுகிறார்கள், 'டான்ஸ் ஆடுது' என்று.

அப்புறம் அம்மோனியா. தின்றதும் கழிந்ததும் தண்ணீரில் அம்மோனியாவாக மாறும். ஃபில்டரில் நல்ல பாக்டீரியா வளர்ந்து அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்ற வேண்டும், அதற்குப் புதுத் தொட்டி தயாராகவே சில வாரம் ஆகும். தயாராகாத தொட்டியில், மூன்று பெரிய உயிரினத்தையும் இரண்டு தங்கமீனையும் போட்டு (தங்கமீன் கழிக்கிற அளவு வளர்த்தவர்களுக்குத் தெரியும்), ஒரு சின்ன ஸ்பான்ஜ் ஃபில்டரை ஓடவிட்டால் அம்மோனியா ஏறாமல் என்ன செய்யும்? தண்ணீர் சூடானால் அதே அம்மோனியாவில் விஷமான பங்கு கூடும். தண்ணீரின் காரத்தன்மை, பிஎச் என்கிறோமே, அது ஒரு புள்ளி ஏறினால் ஏறத்தாழ பத்து மடங்கு கூடும். மீனுக்குச் செதில் இருக்கிறது. இதற்கு வெறும் தோல், அந்தத் தோல் வழியாகவும் சுவாசிக்கிறது, தண்ணீரில் இருப்பதை எல்லாம் உறிஞ்சிக்கொள்கிறது. செவுள் இழை உதிர்வதும் அதன்மேல் பூஞ்சை பிடிப்பதும் இந்தச் சூட்டிலும் இந்த விஷத்திலும்தான். அம்மோனியா டெஸ்ட் கிட் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்ட வேண்டும், அதற்கு மேல் எது காட்டினாலும் அன்றே தண்ணீர் மாற்ற வேண்டும். மாற்றுகிற தண்ணீரில் குளோரின் இருக்கக் கூடாது.

இப்போது ஐஸ். ஐஸ் கட்டியை நேராகப் போட்டால் அரைமணி நேரத்தில் ஐந்தாறு டிகிரி இறங்கும், உருகி முடிந்ததும் திரும்ப ஏறும். தினமும் இந்த ஏற்ற இறக்கம் சூட்டைவிடக் குறைந்த துன்பம் ஒன்றும் இல்லை. துறைமுகத்தில் மீன் பெட்டிக்கு அடிக்கிற ஐஸாக இருந்தால் அது எந்தத் தண்ணீரில் செய்தது என்பதும் நமக்குத் தெரியாது. பாட்டிலில் தண்ணீர் உறையவைத்து மூடியோடு மிதக்கவிடுவது கொஞ்சம் தேவலை, ஆனால் அது கரண்ட் போன ராத்திரிக்கான அவசர உபாயம், அதையே ஏற்பாடாக வைத்துக்கொள்ள முடியாது. தொட்டிமேல் சின்ன ஃபேன் வைத்துக் காற்று அடிக்கவிடுகிறவர்களும் உண்டு. வறண்ட ஊரில் அது இரண்டு மூன்று டிகிரி குறைக்கும், கடற்காற்றில் ஈரம் நிறைந்த நம் ஊரில் அதுகூடக் குறைக்காது. பார்வையாளர் நேரத்தில் ஹாலில் ஏசி போட்டுவிட்டு இரவு அணைத்துவிடுவதும் இதே கதைதான். சில்லர்தான் வழி. அதிலும் சில்லர் தன் சூட்டை வெளியே தள்ளுகிற இயந்திரம், காற்றோட்டம் இல்லாத மூலையில் வைத்தால் அது தன் சூட்டிலேயே மூச்சுத் திணறி நின்றுவிடும். ஜெனரேட்டர் இணைப்பும் வேண்டும், இங்கே மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று உங்களுக்கும் தெரியும்.

செலவுதான், ஒத்துக்கொள்கிறேன். உயிரினத்தின் விலையைவிடப் பல மடங்கு சில்லர் விலை. உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஆக்ஸலாட்டல் குட்டி மலிவாகக் கிடைப்பதால் செத்தால் இன்னொன்று வாங்குவதுதான் லாபம் என்று கணக்குப் போடுகிறீர்கள். மூன்றும் ஒரே மாதிரி வெள்ளையாக இருப்பதால் பார்க்க வருகிறவர்களுக்கு எது பழையது எது புதியது என்று தெரியாது. ஆனால் ஒரே ஒரு கேள்வியில் தெரிந்துவிடும். 'இது எப்போ வந்தது' என்று கேட்டுப் பாருங்கள். நான் எப்போது கேட்டாலும் 'புதுசா வந்திருக்கு' என்றுதான் பதில் வருகிறது. நன்றாக வைத்தால் 10, 15 வருடம் வாழ்கிற உயிரினம் இது. ஐந்து வருடமாக நடக்கிற காட்சியகத்தில் ஐந்து வயது ஆக்ஸலாட்டல் ஒன்று இருக்க வேண்டாமா?

கால் போனதைப் பற்றிக் கேட்டதற்கு அங்கிருந்த இன்னொருவர் பெருமையாகச் சொன்னார், 'அது திரும்ப முளைச்சிரும் சார், அதான் இதோட ஸ்பெஷல்'. முளைக்கும், உண்மைதான். கால், வால், முதுகுத் தண்டு, இதயத்தின் ஒரு பகுதி வரை திரும்ப வளர்த்துக்கொள்கிற திறன் இதற்கு உண்டு, அதனால்தான் உலகத்தில் எத்தனையோ ஆய்வுக்கூடங்களில் இதை வைத்திருக்கிறார்கள். 2018-ல் இதன் மரபணுத் தொகுதியை முழுவதும் படித்து முடித்தபோது அது மனிதனுடையதைப் போல் பத்து மடங்கு பெரிது என்று தெரிந்தது. ஆனால் அந்தக் கால் ஏன் போனது? இடம் போதாமல் பசியோடு மூன்று ஒரே தொட்டியில் கிடந்தால், முன்னால் அசைவதைக் கவ்வுவது அதன் சுபாவம். கூட இருப்பதன் கால் என்று அதற்குத் தெரியாது, பார்வையும் மந்தம். திரும்ப முளைக்கச் சில வாரம் முதல் சில மாதம் வரை ஆகும், அதுவரை திறந்த காயம். சூடான அழுக்குத் தண்ணீரில் அந்தக் காயம் வழியாகத்தான் பூஞ்சை ஏறுகிறது. முளைத்துவிடும் என்பதற்காகக் கடிபட விடலாமா?

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வளர்ந்த ஒன்றுக்குக் குறைந்தது 75 லிட்டர் தண்ணீர் வேண்டும், உயரமான தொட்டியைவிட நீளமான தொட்டி நல்லது, அது தரையில் நடக்கிற பிராணி. கூட எந்த மீனும் வேண்டாம். தங்கமீன் செவுள் இழையைப் புழு என்று நினைத்துக் கொத்தும், சக்கர் மீன் ராத்திரியில் தோலின் வழவழப்பைச் சுரண்டித் தின்னும். அந்தக் கூழாங்கல்லை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். இது இரையைக் கடித்துத் தின்பதில்லை, வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். கல்லும் உள்ளே போய்க் குடலில் அடைத்துக்கொள்ளும், அப்படி அடைத்தால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. வெறும் தரை போதும், அல்லது மாவு போன்ற மெல்லிய மணல். கண்ணுக்கு இமை கிடையாது, அந்த ஊதா வெளிச்சத்தில் இருந்து கண்ணை மூடிக்கொள்ள அதனால் முடியாது. ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டோ மண்சட்டியோ போடுங்கள். ஒளிந்துகொண்டால் பார்க்க வந்தவர்களுக்குத் தெரியாதே என்பீர்கள். தெரியாத நேரத்தில் தெரியாமல் இருக்கட்டும், குழந்தைகள் காத்திருந்து பார்ப்பார்கள், நாம் நினைப்பதைவிட அவர்களுக்குப் பொறுமை உண்டு. தீனிக்கு மண்புழுவைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. வாழைத்தோப்பும் தென்னந்தோப்பும் இருக்கிற மாவட்டத்தில் மண்புழுவுக்கா பஞ்சம், பூச்சிமருந்து அடிக்காத இடத்தில் தோண்டினால் போதும். நோய் வந்தால் மீனுக்கு ஊற்றுகிற நீல மருந்தையும் பச்சை மருந்தையும் அதே அளவில் இதற்கு ஊற்றாதீர்கள், செவுளும் தோலும் அப்படியே இழுத்துக்கொள்ளும்.

இனி சட்டம். அதிகாரிகளும் படிப்பார்கள் என்கிற நம்பிக்கையில் இந்தப் பத்தி.

ஆக்ஸலாட்டல் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் கொண்டுவந்த திருத்தம் சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிரினங்களை நான்காம் அட்டவணையில் சேர்த்தது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி இவற்றை வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். வாங்கியதற்கு ரசீது இருக்கிறதா, பதிவு எண் இருக்கிறதா என்று எந்தக் காட்சியகத்திலாவது யாராவது கேட்டிருக்கிறார்களா? 1960-ன் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் மனிதனைத் தவிர உயிருள்ள எல்லாவற்றையும் பிராணி என்றுதான் சொல்கிறது, மாடு நாய்க்கு மட்டும் என்று எங்கும் இல்லை. நகர்ந்து நடமாட இடம் போதாத கூட்டிலோ கலத்திலோ அடைத்து வைப்பது அதன் 11-வது பிரிவில் குற்றம். கண்ணாடித் தொட்டியும் கலம்தான்.

இயற்கையில் இதன் நிலை என்ன என்று தெரிந்தால் இந்தச் சட்டம் எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். சோச்சிமில்கோவில் 1998-ல் நடந்த கணக்கெடுப்பில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 6,000 இருந்தது. 2014-ல் அது 36. நகரத்துக் கழிவு ஒரு காரணம். இன்னொரு காரணம் மீன் வளர்ப்புக்கென்று கொண்டுவந்து விட்ட கெண்டையும் திலாப்பியாவும், நம் குளங்களில் நாம் ஜிலேபி என்கிறோமே அதே ஜாதி, முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்த்தது. கடைகளில் கிடைப்பவை காட்டில் பிடித்தவை இல்லை, 1864-ல் பாரிசுக்குக் கொண்டுபோன முப்பத்துச் சொச்சத்தின் வம்சம்தான் உலகத் தொட்டிகளில் இருப்பதில் பெரும்பங்கு. அதனால் 'நாங்கள் இனத்தைக் காப்பாற்றுகிறோம்' என்று பலகை வைக்கவும் வேண்டாம். நம் ஊர்த் தொட்டியில் இருப்பது அங்கே திரும்பப் போகப்போவதில்லை.

இதைப் படித்துவிட்டு யாராவது அவசரப்பட்டு, பாவம் விட்டுவிடுவோம் என்று ஆற்றிலோ கால்வாயிலோ பேச்சிப்பாறை அணையிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். வெயிலில் சில நாளில் செத்துவிடும். சாகிறதற்கு முன்னால், தவளை இனங்களைத் தாக்குகிற தோல் பூஞ்சை எதையாவது அது சுமந்திருந்தால் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே இருக்கிற நம் தவளைகளுக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போகும். தொட்டி நிறைந்ததும் ஏரியில் கொட்டிய சக்கர் மீன் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் வலைக்காரர்களுக்கு எவ்வளவு தொல்லை கொடுக்கிறது என்று பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

காட்சியகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை என்று முன்னாலேயே சொன்னேன். மைன்கிராஃப்ட் விளையாட்டில் பார்த்துவிட்டு ஆக்ஸலாட்டல் காட்டு என்று பிள்ளைகள் நச்சரிப்பது உங்களுக்குக் கூட்டம் சேர்க்கிறது, புரிகிறது. அந்த இடத்தில் வைக்க என்னிடம் ஒரு யோசனை உண்டு. நடக்கும் மீன்தானே வேண்டும்? பனையேறிக் கெண்டையை வையுங்கள். அது நிஜமாகவே மீன், நிஜமாகவே தரையில் நடக்கும். செவுள் மூடியின் முட்களை ஊன்றி, உடம்பைத் தள்ளித் தள்ளி, மழை நாளில் ஒரு குளத்தில் இருந்து இன்னொரு குளத்துக்குப் போகும். தலைக்குள் காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பு இருப்பதால் தண்ணீர் இல்லாமலும் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் அதிகாரி ஒருவர் அது பனைமரத்தில் ஏறுவதைப் பார்த்ததாக எழுதி அனுப்பி, ஐரோப்பாவில் பெரிய வாக்குவாதமே நடந்தது. மரம் ஏறுமா என்பது சந்தேகம்தான், ஆனால் பனை நிறைந்த மாவட்டத்தில் இப்படி ஒரு கதையைப் பலகையில் எழுதிப் போட்டால் யார் நின்று படிக்காமல் போவார்கள்? சில்லர் வேண்டாம், நம் வெயில் அதற்குப் பழக்கம். தொட்டிக்கு மட்டும் இறுக்கமான மூடி போட்டுவிடுங்கள், ராத்திரி வெளியே நடந்து போய்விடும்.

அதிகாரிகளிடம் கேட்பது இரண்டு. மாவட்டத்தில் ஆக்ஸலாட்டல் வைத்துக் காட்டுகிற இடங்கள் எத்தனை, அதில் பதிவு செய்தவர்கள் எத்தனை பேர் என்று வனத்துறை ஒரு முறை போய்ப் பார்க்கட்டும். பொருட்காட்சிக்கு அனுமதி கொடுக்கும்போது தீயணைப்புச் சான்றும் மின்சாரச் சான்றும் பார்க்கிறீர்கள், உள்ளே வரும் உயிரினங்களின் பட்டியலையும் அதைப் பார்த்துக்கொள்ளப் போகும் கால்நடை மருத்துவர் யார் என்பதையும் அதே விண்ணப்பத்தில் எழுதச் சொல்லுங்கள். சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்க வேண்டிய பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்துக்கும் இந்த மடலை அனுப்புகிறேன்.

உரிமையாளர்களிடம் கேட்பதில் ஒன்று பாக்கி இருக்கிறது. ஆக்ஸலாட்டலை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தால், தெர்மாமீட்டரைத் தொட்டியின் பின்பக்கம் ஒட்டாமல் டிக்கெட் வாங்கி வருகிறவர்கள் நிற்கிற பக்கம் ஒட்டுங்கள். பக்கத்தில் ஒரு சின்னப் பலகையில் அன்றைய அம்மோனியா அளவையும், இந்த உயிரினம் எந்த மாதம் எந்த வருடம் இங்கே வந்தது என்பதையும் எழுதுங்கள். தண்ணீர் 20-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்று அதிலேயே எழுதிவிட்டால் வருகிற பிள்ளைகளே உங்களுக்கு வந்து சொல்லிவிடுவார்கள். நன்றாக வைத்திருக்கிற இடத்துக்கு இது இலவச விளம்பரம், நானே பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

கூழாங்கல்லை எடுப்பதற்கும், தங்கமீனையும் சக்கர் மீனையும் வேறு தொட்டிக்கு மாற்றுவதற்கும், விளக்கை அணைப்பதற்கும் பணம் தேவையில்லை. அதை இந்த வாரமே செய்யலாம். டெஸ்ட் கிட்டும் தெர்மாமீட்டரும் என்னிடம் உபரியாக இருக்கிறது, அந்தத் தம்பியிடம் கொடுத்து எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுக்கத் தயார், கூப்பிட்டால் போதும். சில்லரா, ஒப்படைப்பதா என்பதற்கு மார்ச் வெயில் ஏறுவதற்குள் ஒரு பதில் சொல்லுங்கள். பதில் வரவில்லை என்றால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கிற குறைதீர்க்கும் கூட்டத்தில் இதே மடலை மனுவாகக் கொடுப்பேன், எடுத்து வைத்திருக்கிற படங்களோடு. அப்போது இடத்தின் பெயரையும் எழுத வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
தக்கலைப் பக்கம் மீன் வளர்க்கிற ஒருவன்